பணப் புத்தகம் படித்தால் பணம் வருமா?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



கேம்பஸ் இன்டர்வியூ முடிந்து ஆர்டர் கையில் வந்ததும் நம்மில் பல பேருக்கு ஒரு புதுப் பழக்கம் வந்துவிடுகிறது. பணத்தைப் பெருக்குவது எப்படி என்று புத்தகம் தேடுகிறார்கள். விடுதியில் ஒரு புத்தகம் அறை அறையாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. 1997-ல் அமெரிக்காவில் ராபர்ட் கியோசாகி எழுதியது, தமிழில் 'பணக்காரத் தந்தை ஏழைத் தந்தை'. அதைப் படித்தவன் எல்லாம் இரண்டு நாளைக்கு முதலாளி மாதிரியே நடக்கிறான்! நடக்கட்டும். ஆனால் மாசம் பதினைந்தாயிரம் சம்பளத்துக்குப் போகப் போகிற நமக்கு இந்தப் புத்தகங்களால் என்ன பிரயோஜனம் என்று ஒரு தடவையாவது கேட்டுப் பார்க்க வேண்டாமா?

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏமாறாமல் இருப்பதற்காகப் படிக்கலாம். பணக்காரன் ஆகிவிடலாம் என்று படித்தால் புத்தகம் விற்றவர்தான் பணக்காரர் ஆவார்.

சம்பளத்துக்கு உழைக்காதே, பணம் உனக்காக உழைக்கட்டும் என்பதுதான் இந்தப் புத்தகங்களின் சாரம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்க வீட்டில் ஒண்ணாம் தேதி சம்பளம் என்று ஒன்றை வாங்கப் போகிற முதல் ஆள் நான். என்னிடம் வந்து சம்பளம் ஒரு பொறி என்றால் சிரிப்புதான் வருகிறது. நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்று தெரியாமல் ராத்திரி படுக்கிறவர்களைக் கேளுங்கள், மாசச் சம்பளத்தின் அருமை தெரியும். (இன்னொரு சங்கதி: 2012-ல் கியோசாகியின் கம்பெனி ஒன்றே அங்கே திவால் மனு போட்டது!)

1926-ல் வந்த 'பாபிலோனின் மிகப் பெரிய பணக்காரன்' கொஞ்சம் பரவாயில்லை. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை எடுத்து வை என்கிறது. நல்ல யோசனைதான். ஆனால் கணக்கு என்ன சொல்கிறது? மாசம் 500 ரூபாய், 20 வருஷம், 12 சதவீத வளர்ச்சி என்று வையுங்கள். நாம் போட்டது 1,20,000. கையில் வருவது சுமார் 5 லட்சம். ஆகா! ஆனால் விலைவாசியும் சும்மா இருக்காதே. வருஷம் 6 சதவீதம் ஏறினால், அன்றைய 5 லட்சத்துக்கு இன்றைய மதிப்பு ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். சேமிக்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 500 ரூபாயை வைத்துக் கோடீஸ்வரக் கனவு காட்டுகிறார்களே, அதைத்தான் சொல்கிறேன். நம்ம மாதிரி ஆட்களுக்கு மாசம் ஆயிரத்து ஐந்நூறு கூலி உயர்வு கிடைத்தால் அது பத்துப் புத்தகத்துக்குச் சமம். கூலி உயர்வை எப்படிக் கேட்டு வாங்குவது என்று மட்டும் எந்தப் புத்தகத்திலும் ஓர் அத்தியாயம் காணோம்!

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அமெரிக்கக்காரர் எழுதிய புத்தகத்தில் தண்டல் கிடையாது. நம்ம தெருவில் உண்டு. பத்தாயிரம் கடன் என்பார்கள். 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். தினம் நூறு ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். 'பத்தாயிரத்துக்கு ஆயிரத்து ஐந்நூறுதானே, பதினைந்து வட்டிதானே' என்று வாங்குகிறவர்கள் நினைக்கிறார்கள். இல்லை சார்! முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. முழுத் தொகை நம்ம கையில் நூறு நாளும் இருப்பதில்லை, சராசரியாகப் பாதிதான் இருக்கிறது. அதுவும் வெறும் நூறு நாளைக்கு. சரியாகப் போட்டுப் பார்த்தால் வருஷத்துக்கு ஏறக்குறைய 120 சதவீதம் வருகிறது. அநியாய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் காய்கறிக் கடை அக்காவுக்கு விடிகாலையில் பணம் கொடுப்பது தண்டல்காரர்தான், வங்கி மேனேஜர் இல்லை. அதனால் அந்த அக்காவுக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கணக்கு தெரிந்த நாம் அதே குழியில் விழலாமா?

விழுகிறோம், வேறு பெயரில். பைக் லோன் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சம், 10 சதவீதம், 'ஃபிளாட் ரேட்', மூன்று வருஷம். வட்டி 30,000. மாசத் தவணை 3,611. பத்து வட்டிதான் என்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவோம். அசல் மாசாமாசம் குறைந்தாலும் வட்டியை முழு லட்சத்துக்கே போட்டிருக்கிறார்கள். குறைகிற பாக்கிக்கு வட்டி என்று கணக்கிட்டால் இது ஏறக்குறைய 18 சதவீதம்! பள்ளிக்கூடத்திலேயே கூட்டு வட்டி படித்தவர்கள்தானே நாம்? பரீட்சைக்குப் போட்ட கணக்கை ஷோரூமில் போட ஏன் கூச்சம்?

இன்னொரு சின்னக் கணக்கு. 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் எத்தனை வருஷத்தில் பணம் இரட்டிப்பாகும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். 7 சதவீதம் என்றால் பத்து வருஷத்துக்குச் சற்று மேல். ஒருவர் வந்து இரண்டே வருஷத்தில் இரட்டிப்பு என்றால் அவர் 36 சதவீதம் சம்பாதித்தாக வேண்டும். எதில் சம்பாதிப்பார் என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். 2012-ல் ஈரோடு பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டு இழந்தவர்களில் படித்தவர்களும் இருந்தார்கள்.

இப்போது கோழி போய் செல்போன் வந்துவிட்டது. பக்கத்துப் பெஞ்சிலேயே ஆப்ஷன் டிரேடிங் நடக்கிறது. செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வியாபாரம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். ஆளுக்குச் சராசரியாக இரண்டு லட்சம் ரூபாய்! ஒரு பாடத்தில் நூற்றுக்கு ஏழு பேர்தான் பாஸ் என்றால் அந்தப் பாடத்தை நாம் விருப்பப் பாடமாக எடுப்போமா?

ஆக, நாம் முதலில் படிக்க வேண்டியது சம்பளச் சீட்டு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து அதில் 12 சதவீதம் பி.எஃப். பிடிப்பார்கள். முதலாளியும் அதே அளவு போட வேண்டும். அவர் பங்கில் 8.33 சதவீதம் பென்ஷனுக்குப் போகும். முதலாளி பங்கையும் தொழிலாளி சம்பளத்திலேயே பிடிக்கக் கூடாது என்பது சட்டம். கான்ட்ராக்டில் போன சீனியர் ஒருவருக்கு இரண்டு பங்கையும் அவர் சம்பளத்திலேயே பிடித்திருக்கிறார்கள். எட்டு மாசம் கழித்து வேறொருவர் சீட்டைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அவர் படிக்காத பணப் புத்தகம் இல்லை!

அடுத்தது இன்ஷூரன்ஸ். வீட்டில் ஒரே சம்பாத்தியம் நம்முடையது என்றால் பிரதமரின் ஜீவன் ஜோதித் திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். 2022 ஜூனில் பிரீமியத்தை வருஷத்துக்கு 436 ரூபாய் ஆக்கினார்கள். காப்பீடு இரண்டு லட்சம். 18 வயதும் வங்கிக் கணக்கும் இருந்தால் சேரலாம்.

புத்தகமே வேண்டாமா என்றால், வேண்டும். பங்குச்சந்தை பற்றி விஷயம் தெரிய வேண்டுமென்றால் சோம. வள்ளியப்பனின் 'அள்ள அள்ளப் பணம்' இருக்கிறது. தலைப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உள்ளே நம்ம நாட்டுச் சந்தையை நம்ம மொழியில் விளக்கியிருக்கிறார். நூலகத்தில் அது ஒரு காப்பிகூட இல்லை. அடுத்த வருஷம் பொறுப்புக்கு வரும் யூனியன் நண்பர்கள் அதில் இரண்டு காப்பி வாங்கச் சொல்லி நூலகருக்கு ஒரு மனு கொடுக்கலாம். அப்படியே, கடைசி செமஸ்டரில் பி.எஃப். அலுவலகத்திலிருந்து ஒருவரை அழைத்து ஒரு மணி நேரம் பேசச் சொல்லலாம். பணக்காரத் தந்தை நான்கு காப்பி இருக்கிறார், அட்டை கிழிந்து.