கடல் கடந்தோரின் ஓட்டுரிமை

அந்நிய தேசங்களில் வசிக்கும் இந்தியப் பிரஜைகளுக்கு 2010-ஆம் வருஷத்தில் நமது பார்லிமெண்டு ஓர் உரிமை வழங்கிற்று. 1950-ஆம் வருஷத்து ஜனப் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 20-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, 2011 பிப்ரவரியில் அமுலுக்கு வந்தது. அதற்கு முன், தொகுதியில் சாதாரணமாக வசிப்பவனே ஓட்டர் என்ற விதியைக் காட்டி, பிழைப்பின் பொருட்டுக் கடல் கடந்தவனது பெயரை ஜாபிதாவிலிருந்து அடித்துவிடுவார்கள். புதிய பிரிவோ, பாஸ்போர்ட்டில் கண்ட சொந்த ஊர் விலாசத்திலேயே அவனுக்கு இடமளித்தது. அந்நியப் பிரஜா உரிமை பெற்றவர்களுக்கு இது பொருந்தாது; அது நியாயமே.

ஆனால் அந்த ஓட்டைப் போடுவது எப்படி? தேர்தல் தினத்தன்று பாஸ்போர்ட்டுடன் சொந்த ஊர்ச் சாவடியில் அவன் நேரில் ஆஜராக வேண்டும். 2024 லோக்சபைத் தேர்தலில் இவ்விதம் பதிவு செய்துகொண்டிருந்தோர் 1,19,374 பேர். வந்து ஓட்டளித்தோர் 2,958 பேர். அவர்களிலும் மிகப் பெரும்பாலோர் கேரளத்தார். அங்குள்ள சில சங்கங்கள் தேர்தல் காலத்தில் தனி விமானமே அமர்த்தி ஆட்களைக் கொண்டுவருகின்றன. ஓட்டர்களை இலவசமாக ஏற்றிச் செல்ல அபேட்சகர் வண்டி அமர்த்துவது 1951-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 123-ஆம் பிரிவின்படி தேர்தல் குற்றம். அங்கே வண்டி என்பதற்குச் சாலையில் செல்வது என்றே பொருள் கூறப்பட்டிருக்கிறது. ஓட்டர் ஆகாய மார்க்கமாக வருவார் என்று அச்சட்டத்தை எழுதியவர்கள் கனவிலும் எண்ணவில்லை போலும்!

வெள்ளையர் ஆட்சியில், 1935-ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழும், சொத்தும் வரியும் படிப்பும் பார்த்தே ஓட்டுக் கொடுத்தார்கள். அந்த அநீதியை அரசியல் சாசனத்தின் 326-ஆம் ஷரத்து ஒழித்தது. இன்று துபாயில் செங்கல் சுமக்கும் இராமநாதபுரத்துத் தொழிலாளி, ஓட்டுப் போட வேண்டுமானால் முதலாளியிடம் லீவு கெஞ்சி, விமானக் கட்டணத்தையும் கையிலிருந்து கொடுக்க வேண்டும். வாசற்படி வழியே துரத்திய சொத்துத் தகுதி, கொல்லைப்புறமாக உள்ளே நுழைந்துவிட்டது என்றே நாம் சொல்வோம்.

வெளிநாட்டில் உழைப்போர் தாயகத்துக்கு அனுப்பும் தொகை 2022 முதல் வருஷத்துக்குப் பதினாயிரம் கோடி டாலரைத் தாண்டி வருகிறது. ஆயினும் அதைக் காட்டி நாம் வாதாட விரும்பவில்லை. பணம் அனுப்பாதவனும் பிரஜைதான்.

தன் சார்பாக வேறொருவரை நியமித்து ஓட்டளிக்கச் செய்யும் மசோதா ஒன்று 2018 ஆகஸ்டில் லோக்சபையில் நிறைவேறியது. ராஜ்யசபையில் நிறைவேறுமுன் 2019-இல் லோக்சபை கலைந்ததால் காலாவதியாயிற்று. அதற்காக நாம் வருந்தவில்லை. இராணுவத்தாருக்கு 2003 முதல் இவ்வழி உண்டு என்பது மெய்யே. ஆனால் மச்சான் கையில் கொடுத்த ஓட்டு மச்சானுடைய ஓட்டாகவே முடியும், இரகசியமும் போய்விடும், விலைக்கு வாங்க வருபவனுக்கும் அலைச்சல் குறையும்.

அதனினும் மேலான வழி இராணுவத்தாருக்கே 2016-இல் திறக்கப்பட்டது. ஓட்டுச் சீட்டு மின்வழியே அவர்களுக்குப் போய்ச் சேரும். அச்சிட்டுக் குறியிட்டுத் தபாலில் திருப்பி அனுப்புவார்கள். இதையே வெளிநாட்டிலுள்ளோருக்கும் விஸ்தரிக்கலாம் என்று தேர்தல் கமிஷன் 2020 நவம்பரில் சர்க்காருக்கு எழுதிற்று. தொழிலாளரை வெளிநாட்டுக்கு மிகுதியாக அனுப்பும் பிலிப்பைன்ஸ் தேசம் 2003-லேயே இதற்கெனச் சட்டம் செய்து, தன் மக்களை இருந்த இடத்திலிருந்தே ஓட்டளிக்கச் செய்கிறது.

முதலாளி பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்துக்கொள்ளும் இடங்களில் ஓட்டு மட்டும் சுதந்திரமாக இருக்குமோ என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பரிகாரம், முகாமில் சீட்டுக் கொடுக்காமல், நமது தூதர் காரியாலயத்தில் அதிகாரி முன்னிலையில், மறைவான இடத்தில், விடுமுறை நாளில் ஓட்டெடுப்பதேயாகும், உரிமையை மறுப்பதன்று. வசதி முதலில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள படித்தவர்களுக்கு, வளைகுடாத் தொழிலாளிக்குப் பிற்பாடு என்ற ஏற்பாடு எக்காரணத்தாலும் கூடாது.

தபால் முறைக்குப் பார்லிமெண்டு புதிய சட்டம் இயற்றவும் வேண்டியதில்லை. 1961-ஆம் வருஷத்துத் தேர்தல் நடத்தை விதிகளைத் திருத்தினால் போதும். அது சர்க்கார் உத்தரவினால் ஆகக்கூடிய காரியம். அடுத்த பொதுத் தேர்தலுக்கு உரிய வருஷம் 2029.