பெயர் வைத்தவளுக்கு அந்தப் பெயர் இல்லை

வாப்பா பழைய ஆங்கிலப் பாட்டுகள் கேட்பார். 'சுப்ரீம்ஸ்' என்றால் எனக்கு டயானா ரோஸ் மட்டுமே தெரியும். அமெரிக்காவின் டெட்ரொய்ட் நகரில், அரச வீடமைப்புத் தொகுதியில் வளர்ந்த கறுப்பினப் பெண்பிள்ளைகளின் குழு அது. பாடசாலையை முடித்துவிட்டு வாருங்கள் என்று முதலில் திருப்பி அனுப்பிய மோடவுன் நிறுவனம் (உம்மாமார் கவனிக்க!) 1961இல் அவர்களை ஒப்பந்தம் செய்தது. மூன்று வருடங்கள் பெரிய வெற்றி எதுவுமில்லை. 1964 முதல் 1969 வரை 12 பாடல்கள் அமெரிக்காவில் முதலிடம் பெற்றன.

ஆனால் தோழிகளை ஒன்று சேர்த்தவரும் 'சுப்ரீம்ஸ்' என்ற பெயரைத் தெரிவு செய்தவரும் புளோரன்ஸ் பலார்ட். 1967இல் டயானாவின் பெயர் குழுவின் பெயருக்கு முன்னால் வந்தது. அதே ஆண்டு புளோரன்ஸ் நீக்கப்பட்டார். அவர் குடித்ததும் நிகழ்ச்சிகளைத் தவறவிட்டதும் உண்மைதான். அதற்காக, தான் சுப்ரீம்ஸில் பாடியவள் என்று விளம்பரம் செய்யக்கூடாதென ஒப்பந்தம் போடுவதா? அது என்ன நியாயம்? பிறகு அரச உதவிப் பணத்தில் மூன்று மகள்மாரை வளர்த்தார். 1976இல் இறந்தபோது வயது 32.

டயானாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மூவரின் உழைப்பின் மேல் ஒருத்தியின் பெயரை எழுதியது நிறுவனம். இப்போது வாப்பா அந்தப் பாட்டுகளைப் போட்டால், பின்னால் கேட்கும் குரல்களில் புளோரன்ஸ் எது என்று தேடுகிறேன்.