ஈரல் வறுவலும் இறைவனின் பந்தியும்

சனிக்கிழமை மாலைத் திருப்பலி. நற்கருணை வழங்கி முடித்துப் பீடத்திற்குத் திரும்பும்போது, பெண்கள் பக்கத்தில் நாலைந்து இடங்கள் வெறுமையாகியிருப்பதை நாம் பல வாரங்களாகக் கவனித்து வந்தோம். இறுதி ஆசீருக்கும் காத்திராமல் அவர்கள் விரைந்து வெளியேறிவிடுவார்கள். அவர்களுள் ஒரு தாயை மறுவாரம் வழியில் கண்டபோது, சற்றுக் கடிந்துகொள்ளும் குரலிலேயே காரணம் கேட்டோம். அவர் தலைகுனிந்து சொன்னார்: “மன்னிச்சிருங்க சாமி. அவுக ஏழரைக்கெல்லாம் பாட்டிலோட வந்துருவாக. அதுக்குள்ள ஈரலை வதக்கி வைக்கணும். இல்லைன்னா அன்னைக்கு ராத்திரி வீட்டுல இருக்க முடியாது.”

கண்டிக்கச் சென்ற நாம் வாயடைத்துத் திரும்பினோம்.

குருப்பட்டம் பெற்று இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகின்றன. மதுவை எதிர்த்து நாம் ஆற்றிய மறையுரைகளுக்குக் கணக்கில்லை. 1937ஆம் ஆண்டு சேலம் மாவட்டத்தில் இராஜாஜி கொணர்ந்த மதுவிலக்கையும், 2003ஆம் ஆண்டு நவம்பரில் மதுவின் சில்லறை விற்பனையை அரசே தன் கையில் எடுத்துக்கொண்ட அவலத்தையும் பேசியிருக்கிறோம். 2023இல் மரக்காணம் பகுதியிலும், 2024இல் கள்ளக்குறிச்சியிலும் நச்சுச் சாராயம் குடித்து மக்கள் மாண்டபோது கண்ணீரோடு மன்றாடினோம். கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கடையைச் சாடினோம், அரசைச் சாடினோம், பாட்டிலைச் சாடினோம். ஆனால் பாட்டிலுக்கு அருகே வைக்கப்படும் தட்டைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அந்தத் தட்டு எவர் கையால், எந்த நேரத்தில், எதை விட்டுவிட்டு ஆயத்தமாகிறது என்று எண்ணிப் பார்த்ததுமில்லை. அந்தத் தாயின் மறுமொழி அந்தக் கேள்வியை நம் முன் வைத்துவிட்டது. அதை வாசகர் முன்னும் வைக்கிறோம்.

ஏன் சனிக்கிழமை? கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் வாரக்கூலி கையில் விழும் நாள் அது. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்னும் நற்பழக்கத்தைக் காத்துவரும் நம் கடற்கரை ஊர்களில், வலையையும் படகையும் கரையேற்றி, பல இடங்களில் அந்த வாரத்துப் பங்கையும் பிரித்துக்கொள்ளும் நாள் அது. அலுவலகம் செல்வோருக்கோ மறுநாள் விடியலில் எழ வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே அன்று மாலை அடுப்புகள் சிறப்பாக எரிகின்றன. ஈரல் வறுவல், மிளகு தூக்கலாகப் போட்ட கோழி, பொரித்த நெத்திலி, அவித்த முட்டை, குடல் குழம்பு என்று தெருவெல்லாம் மணக்கிறது. உழைத்தவன் வாரத்தில் ஒருநாள் வாய்க்கு ருசியாக உண்பதில் என்ன குற்றம்? ஒரு குற்றமும் இல்லை.

ஆனால் அந்த அடுப்பைச் சற்று அருகே சென்று பாருங்கள். ஈரல் குடும்பத்துக்காக வேகவில்லை; குடிப்பதற்குத் தொட்டுக்கொள்ள வேகிறது. அதற்கு ‘சைடு டிஷ்’ என்று ஒரு பெயரும் இட்டிருக்கிறோம். எவ்வளவு காரம், எவ்வளவு உப்பு, எத்தனை மணிக்கு என்பதையெல்லாம் வந்து சேரவிருக்கும் பாட்டிலே முடிவு செய்கிறது. வாரத்தின் மிகச் சிறந்த கறி அதன் பக்கத்துக்குப் போகிறது. அதே அடுப்பின் மறுபுறத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சோறும் இரசமும் சூடாகின்றன. பத்து வயதுச் சிறுவன் அப்பாவுக்குச் சோடா வாங்கக் கடைக்கு ஓடுகிறான். கூலியாக இரண்டு துண்டு ஈரல் அவன் கையில் வைக்கப்படுகிறது. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் நாம் அவனுக்குப் பத்துக் கட்டளைகளை மனப்பாடம் செய்விக்கிறோம். சனிக்கிழமை வகுப்பில் வளர்ந்த ஆண்மகன் எப்படி இருக்க வேண்டும் என்பதை அவன் கண்ணாலேயே கற்று முடித்துவிடுகிறான். எல்லாம் முடிந்தபின், சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்துச் சோற்றில் பிசைந்து உண்பவள் அந்த வீட்டின் தாய்.

இக்காட்சி நமக்குப் புதிதன்று. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே திருத்தூதர் பவுல் இதைக் கொரிந்து நகரில் கண்டார். ஆண்டவரின் திருவிருந்துக்கென்று கூடிய சபையில் சிலர் முந்திக்கொண்டு தங்கள் உணவை உண்டு குடிவெறியில் கிடந்தனர், சிலர் பசித்திருந்தனர். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 11ஆம் அதிகாரத்தில் அவர் இதைக் கண்டிக்கும் சினத்தைப் படித்துப் பாருங்கள். ஒரே கூரையின்கீழ் ஒருவர் குடிவெறியிலும் மற்றொருவர் பசியிலும் இருந்தால் அது ஆண்டவரின் விருந்தே அன்று என்று அவர் துணிந்து சொல்லிவிடுகிறார். நற்கருணையைப் பற்றிய நமது பழைமையான எழுத்துச் சான்று இந்தக் கண்டனத்தின் நடுவில்தான் இடம்பெற்றிருக்கிறது என்பதை நாம் மறக்கலாகாது.

இங்கே சிலர் குறுக்கிடுவார்கள். “உண்ணவும் குடிக்கவும் உங்களுக்கு வீடுகள் இல்லையா என்று பவுலே கேட்கிறாரே! நாங்கள் வீட்டில்தானே குடிக்கிறோம்?” என்பார்கள். நல்ல கேள்விதான். ஆனால் கொரிந்தில் பசித்திருந்தவர் பக்கத்தில் அமர்ந்த ஏழைச் சகோதரர். உங்கள் வீட்டில் பசித்திருப்பவர் உங்கள் மனைவி, உங்கள் மகள். குடும்பம் ஒரு குட்டித் திருச்சபை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்பித்தது. அப்படியானால் பவுலின் கண்டனம் வாசற்படியோடு நின்றுவிடுமா?

இன்னொரு சாரார் கானாவூரைத் துணைக்கு அழைப்பார்கள். ஆண்டவரே தண்ணீரைத் திராட்சை இரசமாக்கினாரே என்பது நம் பங்குகளில் அடிக்கடி கேட்கும் நகைச்சுவை. உண்மைதான். யோவான் கூறும் ஆறு கற்சாடிகளும் சேர்ந்து இன்றைய அளவில் ஏறத்தாழ 480 முதல் 720 லிட்டர் கொள்ளும். ஆனால் அது ஊர் கூடிய மணவிருந்து. அனைவருக்கும் ஒரே சாடியிலிருந்து மொண்டு பரிமாறப்பட்டது. குறையை முதலில் கண்டுணர்ந்தவர் ஒரு பெண். அன்னை மரியாவின் அந்தக் கவலைக்கு மகன் செவிசாய்த்தார். நம் வீட்டுப் பெண்ணின் கவலைக்கு நாம் செவிசாய்க்கிறோமா? மேலும், அக்காலத்தில் திராட்சை இரசத்தில் நீர் கலந்து பருகுவது வழக்கம். மக்கபேயர் இரண்டாம் நூலின் இறுதியில் அவ்வழக்கம் இனியதென்று குறிக்கப்பட்டிருக்கிறது. நாமும் திருப்பலியில் காணிக்கையின்போது இரசத்தில் ஒரு துளி நீர் கலக்கிறோம். காய்ச்சி வடித்த பிராந்தியைக் கானாவூரார் கண்டதுமில்லை, உண்டதுமில்லை.

“அளவோடுதான் குடிக்கிறோம்; கறியோடு குடிப்பதால் உடம்பைப் பாதிக்காது” என்பது மூன்றாவது வாதம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ‘குவாட்டர்’ என்பது 180 மில்லிலிட்டர். அதில் 42.8 விழுக்காடு சாராயம். அதாவது ஏறத்தாழ 77 மில்லிலிட்டர் தூய சாராயம். இதனை எரித்து முடிக்கக் கல்லீரலுக்கு ஏறத்தாழ எட்டு மணி நேரம் தேவைப்படும். வயிற்றில் கறி இருந்தால் சாராயம் இரத்தத்தில் கலப்பது மெதுவாகும். கல்லீரலின் சுமை அதனால் நீங்கிவிடாது. ஆட்டின் ஈரலைத் தின்றுகொண்டே தன் ஈரலைக் கரைத்துக்கொள்வதற்குப் பெயரா பாதுகாப்பு? மது புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்திவிட்டது. உடல்நலத்துக்குத் தீங்கற்ற அளவு என்று மதுவில் எதுவுமே இல்லை என்று அந்நிறுவனம் 2023 சனவரியில் தெளிவாக அறிவித்தது.

இந்த மாலைக்குத் திருச்சபை ஒரு வேலி கட்டியிருந்தது. நம் பாட்டனார் காலத்தில் நன்மை வாங்க விரும்புவோர் நள்ளிரவு முதல் தண்ணீரும் அருந்தாமல் ஒருசந்தி காத்தனர். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1953இல் தண்ணீர் அருந்த இசைவளித்தார். 1957இல் நோன்பை மூன்று மணி நேரமாக்கினார். 1964இல் ஆறாம் பவுல் அதனை ஒரு மணி நேரமாகக் குறைத்தார். நோயாளரும் உழைப்பாளரும் தடையின்றித் திருவிருந்தில் பங்கேற்க வேண்டும் என்னும் தாயுள்ளமே அதற்குக் காரணம். அதுபோலவே, சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்கேற்றாலும் ஞாயிறு கடன் நிறைவேறும் என்னும் சலுகையும் கிடைத்தது. திருச்சபையின் கணக்கில் அந்த மாலையே ஞாயிறு பிறந்துவிடுகிறது. அன்னை தளர்த்திய வேலி வழியே நாம் எதனை உள்ளே விட்டிருக்கிறோம்? ஆண்டவருடைய நாளின் முதல் மணித்துளிகளை எவனிடம் ஒப்படைத்திருக்கிறோம்?

குற்றவாளிக் கூண்டில் குருக்களாகிய நாங்களும் நிற்கிறோம். திருமுழுக்கு விருந்தா, புதுநன்மை விருந்தா, மாடியில் ‘வேண்டியவர்களுக்கு’ ஒரு தனி அறை இருக்கிறது. அது இருப்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் கீழ்த்தளத்தில் இலையை ஆசீர்வதித்து, இரண்டு கவளம் உண்டு, வாழ்த்திவிட்டு வருகிறோம். சில வேளைகளில் அந்த அறைக்கே எங்களை அழைத்துச் செல்கிறார்கள். மறுக்காமல் சென்றவர்களும் எங்களுள் உண்டு. வெள்ளை அங்கி அணிந்த குழந்தை கீழே முதன்முறையாக நற்கருணை உண்ட மகிழ்ச்சியில் இருக்க, மேலே அதன் தந்தை தள்ளாடுகிறார். இதற்கும் மறையுரை ஆற்றும் தகுதி எங்களுக்கு எங்கே இருக்கிறது?

உழைப்பவரின் உடல்வலியை நாம் இகழவில்லை. பகலெல்லாம் சிமெண்ட் சுமந்தவருக்கும், இரவெல்லாம் வலை இழுத்தவருக்கும் மெத்தென்ற நாற்காலியிலிருந்து ஒழுக்கம் போதிப்பது எளிது. அதுபோலவே, குடியில்லாமல் கை நடுங்கும் நிலைக்கு வந்துவிட்டவர் நோயாளி. அவருக்கு ஏச்சு மருந்தாகாது. மருத்துவர் துணையின்றி அவர் திடீரென நிறுத்துவதும் ஆபத்தானது. அத்தகையோருக்காக 1935இல் அமெரிக்காவில் தோன்றிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ குழுக்கள் நம் நாட்டிலும் இயங்குகின்றன. நம் பங்கு மன்றங்களில் ஓர் அறையைச் சனிக்கிழமை மாலைதோறும் அவர்களுக்குத் திறந்துவிட்டால் என்ன குறைந்துவிடும்?

மற்றவர்களிடம் நாம் கேட்பது இதுதான். புனித அந்தோணியார் பெயரால் அசனம் இடும்போது அண்டாவின் அருகே நிற்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். மூட்டை மூட்டையாய் அரிசி வடித்து, கறி கிண்டி, ஊரார் உண்டபின் உண்ணும் அதே கைகளுக்குச் சனிக்கிழமை மாலை கால் கிலோ ஈரல் வதக்கத் தெரியாதா? வாரத்தில் ஒரு மாலை கணவர் அடுப்படியில் நிற்கட்டும். அவர் சமைத்ததைப் பாட்டிலுக்கு முன் வைக்காமல் பிள்ளைகளுக்கு முன் வைக்கட்டும். மனைவியும் மக்களும் ஒன்றாக அமர்ந்து, செபம் சொல்லி, சூடாக உண்ணட்டும். அன்பியக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள். மாடியறை இருக்கும் விருந்துக்கு இனி வருவதில்லை என்று நாமும் முடிவு செய்திருக்கிறோம்; அழைப்பிதழ் கொடுக்க வருவோர் பொறுத்தருள்க.

இவையெல்லாம் நடக்கின்றனவா என்று அறிய நமக்கு ஆய்வு எதுவும் தேவையில்லை. சனிக்கிழமை மாலை, “சென்று வாருங்கள்” என்று சொல்லும்போது பெண்கள் பக்கத்தைப் பார்ப்போம். அந்தத் தாய் அங்கே அவசரமின்றி நின்று ஆசீர் பெற்றுக்கொண்டிருந்தால், அந்த வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்பது நமக்குத் தெரிந்துவிடும்.