ரோசாவுரா வில்லியா?



டிப்ளமோ படிக்கிறவர்களுக்கு நாவல் எதற்கு, அரியர் இல்லாத மார்க்‌ஷீட் போதாதா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். கதைப் புத்தகம் படிக்க வீட்டில் ஏது நேரம்? ஆனால் நூலகத்தில் கையில் கிடைத்த ஒரு நாவல் என்னை ஒரு வாரம் தூங்க விடவில்லை.

மெக்சிகோ எழுத்தாளர் லாரா எஸ்கிவெல் எழுதி 1989-ல் ஸ்பானிஷில் வெளிவந்த ‘லைக் வாட்டர் ஃபார் சாக்லேட்’தான் அது. 1992-ல் சினிமாவாகவும் வந்தது. அதன் ஆங்கிலப் பதிப்பை டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். 12 மாதம், 12 அத்தியாயம். ஒவ்வொன்றும் ஒரு செய்முறைக் குறிப்போடு ஆரம்பிக்கிறது.

மெக்சிகோவில் புரட்சி நடந்த காலம். எல்லையோரப் பண்ணை வீட்டில் மூன்று சகோதரிகள். கடைசிப் பெண் கல்யாணமே செய்யாமல், தாய் சாகும்வரை பணிவிடை செய்யவேண்டும். இது அந்த வீட்டுச் சட்டம்! கடைக்குட்டி டிட்டாவைப் பெண் கேட்டு பெட்ரோ வருகிறான். தாய் எலெனா அவனுக்கு அவளுடைய அக்கா ரோசாவுராவைக் கட்டி வைக்கிறாள். அந்தக் கல்யாண கேக்கையும் டிட்டாதான் செய்யணும். மாவில் அவள் கண்ணீர் விழுகிறது. அதைத் தின்ற விருந்தாளிகள் எல்லோரும் தங்கள் பழைய காதலை நினைத்து அழுது, வாந்தி எடுக்கிறார்கள்!

அதெப்படி நடக்கும் என்று லாஜிக் கேட்காதீர்கள். இதற்கு ‘மாய யதார்த்தம்’ என்று பெயர். வாய் திறக்க உரிமை இல்லாதவளின் மனசு கை வழியாகச் சாப்பாட்டில் இறங்குகிறது. எனக்கு இது மாயமாகவே படவில்லை. நிஜமாகத்தான் பட்டது.

படிப்பவர்கள் எல்லோரும் டிட்டா பக்கம் நிற்பார்கள். ரோசாவுரா வில்லி ஆகிவிடுவாள். இங்கேதான் நான் மாறுபடுகிறேன்.

சின்ன வயசில் சூடான தோசைக்கல் மாதிரியான ஒரு கல்லில் தண்ணீர் தெளித்து விளையாடும்போது, பயந்து ஒதுங்கிய ரோசாவுராவின் கையைப் பிடித்து இழுத்தவள் டிட்டா. இழுபறியில் கோபம் வந்து விட்டுவிட, அக்காவின் கை கல்லில் பட்டுப் பொசுங்கியது. அந்த டிட்டாவேதான் பிறகு வேறு யாருமே இல்லாத நேரத்தில் தன்னந்தனியாக அக்காவுக்குப் பிரசவம் பார்க்கிறாள். ரோசாவுராவுக்குப் பால் சுரக்கவில்லை. கல்யாணமே ஆகாத டிட்டாவுக்குச் சுரக்கிறது! அக்காவின் பிள்ளை தங்கையிடம் பால் குடிக்கிறது. இதைப் பகை என்பதா, பாசம் என்பதா? இரண்டும்தான்!

இந்த இருவரையும் மோத விட்டது அந்த வீட்டுச் சட்டம். அதன் விஷம் எவ்வளவு என்பதற்கு இதோ அத்தாட்சி: தன் மகள் எஸ்பெரான்சாவுக்கும் அதே சட்டத்தைப் போடுகிறாள் ரோசாவுரா. தாயைப் பார்த்துக்கொள்ளப் போகிறவளுக்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்கிறாள். டிட்டா சண்டை போடுகிறாள். பெண் பள்ளிக்கூடம் போகிறாள். எனக்கு நாவலின் உச்சம் காதல் காட்சி அல்ல, இந்தச் சண்டைதான்.

ஒரு ராத்திரி என் அக்காவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவள் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை முடித்து வந்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“ஏம் புள்ள, அந்த ரோசாவுராவுக்கு சமைக்கவே வராதுன்னியே. அவளுக்கு வேற என்னதான் கத்துக்குடுத்தாங்க?” என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. காரணம், அப்போதுதான் ஒன்று உறைத்தது. எங்கள் வீட்டு ரோசாவுரா நான்தான்! ஒருத்தியைத்தான் படிக்க வைக்க முடியும் என்று அப்பா சொன்னபோது, என்னைவிட மார்க் அதிகம் வாங்கிய அக்கா பத்தாவதோடு நின்றாள். என் ஃபீஸ் அவள் சம்பளம். ஊரே அவளைத் ‘தியாகி’ என்கிறது. அவளை யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்காமல் எடுத்துக்கொண்டதற்குத் தியாகம் என்று பெயர் வைப்பது நமக்குச் சௌகரியம், அவ்வளவே!

தோழர்களே, நம்மில் பலர் வீட்டில் முதல் பட்டயதாரர்கள். நமக்காக நின்றுபோனவர் யார் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நன்றி சொன்னால் மட்டும் கணக்குத் தீராது.

அக்காவைப் பிளஸ் டூ தனித்தேர்வு எழுதச் சொல்லியிருக்கிறேன். “இனிமே எனக்கெதுக்குடி?” என்று சிரிக்கிறாள். நான் விடுவதாக இல்லை. டிட்டாவும் விடவில்லையே!

— இரண்டாமாண்டு மாணவி, மின்னியல் துறை