கற்றுக்குட்டிக்கு எதற்கு பிகினர்ஸ் மைண்ட்?

மென்பொருள் நிறுவனக் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் சொல் ‘பிகினர்ஸ் மைண்ட்’. பதினைந்து வருட அனுபவம் உள்ளவர் “இப்படிச் செஞ்சா இந்த இடத்துல உடையும்” என்றால், “சார், கொஞ்சம் பிகினர்ஸ் மைண்டோட பாருங்க” என்று பதில் வருகிறது. உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லாதீர்கள் என்பதன் நாகரிக வடிவம் அது. இது வெறும் சொற்பிழை அல்ல, அயோக்கியத்தனம்.

ஒரு உதாரணம். பணம் அனுப்பும் செயலியில் வங்கியிடமிருந்து பதில் வரவில்லை. பணம் போனதா, போகவில்லையா என்று விசாரித்த பிறகுதான் நிரல் மறுபடி அனுப்பவேண்டும். புதிதாக வந்தவருக்கு அந்த விசாரணை வீண் தாமதமாகத் தெரிகிறது, தூக்கிவிடலாம் என்கிறார். தூக்கினால் யாரோ ஒருவரின் கணக்கில் ஒரே தொகை இரண்டு முறை கழியும். இதைச் சொல்கிற மூத்தவருக்குப் பெயர் ‘மூடிய மனம்’. அடுத்த ஆட்குறைப்புப் பட்டியலுக்கு அந்தப் பெயரே போதும்.

ஜப்பானிய மொழியில் இந்தச் சொல் ‘ஷோஷின்’. முதல் மனம் எனலாம். ஆங்கிலத்தில் இதைப் பரப்பியவர் ஜென் துறவி ஷுன்ரியு சுசுகி. 1959-ல் சான் பிரான்சிஸ்கோ வந்தபோது அவருக்கு வயது 55, சிறுவயதிலேயே துறவுப் பயிற்சிக்குப் போனவர். அவருடைய உரைகள் 1970-ல் ‘ஜென் மைண்ட், பிகினர்ஸ் மைண்ட்’ என்று புத்தகமாயின. ஸ்டீவ் ஜாப்ஸ் படித்த புத்தகம் என்பதால் நம் துறைக்கும் அது வேதமாகிவிட்டது. ஆயிரம் முறை தியானத்தில் அமர்ந்தவன் ஆயிரத்தோராவது முறையும் புதிதாக அமரவேண்டும் என்பதே அதன் சாரம். ஒருமுறைகூட அமராதவனுக்கான பாராட்டுப் பத்திரம் அல்ல.

இன்னும் பின்னால் போனால், நோ நாடக மேதை செயாமி 1424-ல் முடித்த ‘காக்யோ’வில் ஷோஷினை மறக்காதே என்கிறார். அவருக்கு அது இளமையில் தடுமாறிய நினைவு. எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று அளந்துகொள்ளும் கோல். முதுமைக்கும் ஒரு ஷோஷின் உண்டு என்கிறார். நம் ஆட்களோ முதுமையை விரட்ட அதே சொல்லை எடுக்கிறார்கள்!

அனுபவம் கண்ணை மறைக்காதா? மறைக்கும். தான் எழுதிய நிரலில் தவறே இருக்காது என்று நம்பும் மூத்தவர்கள் உண்டு. அவர்களுக்கான மருந்துதான் இந்தச் சொல். ஆனால் அதைத் தானே எடுத்துக்கொள்ள வேண்டும், அடுத்தவர் வாயில் திணிக்கக் கூடாது. கையில் இருப்பதைத்தான் கீழே வைக்க முடியும். வெறுங்கையோடு நிற்பவன் எதைத் துறந்தான்? அவனிடம் இருப்பதற்குத் தமிழில் நல்ல பெயர் இருக்கிறது: கற்றுக்குட்டித்தனம். அதில் கேவலமில்லை, எல்லோரும் அங்கிருந்துதான் கிளம்புகிறோம். அதற்கு ஜென் சாயம் பூசுவதுதான் கேவலம்.

அடுத்த கூட்டத்தில் யாராவது இந்தச் சொல்லை எடுத்தால் ஒன்று கேளுங்கள்: “எதை ஒதுக்கி வெக்கச் சொல்றீங்க? அது என்னன்னு முதல்ல உங்களுக்குத் தெரியுமா?”