கார் கதவில் சின்ன டென்ட்... க்ளெய்ம் போடும் முன் ஒரு கணக்கு!

சனிக்கிழமை சாயங்காலம் விளக்குத்தூண் பக்கம் காரை எடுத்துக்கொண்டு போனதே என் முதல் தப்பு. அம்மாவுக்குப் புடவை எடுத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்தால், அப்பாவின் காரில் இடது பின்கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம். ஏதோ பைக் ஹேண்டில்பார் இடித்திருக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் யாரைப் போய்த் தேடுவது?

வீட்டில் அப்பா கதவைத் தடவிப் பார்த்தார். திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

''இன்ஷூரன்ஸ் இருக்கேப்பா, க்ளெய்ம் பண்ணிடலாம்'' என்றேன். சர்வீஸ் சென்டரிலும் அதையேதான் சொன்னார்கள். டிங்கரிங், பெயின்ட்டிங் எல்லாம் சேர்த்து 5,500 ரூபாய் எஸ்டிமேட். அப்பா மட்டும், ''எதுக்கும் நம்ம பட்டறை அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம்'' என்றார்.

பட்டறை அண்ணன் செல்போன் டார்ச்சைக் கதவின் மேல் சாய்த்து அடித்தார். நகத்தால் மெதுவாக வருடினார். ''பெயின்ட் உடையலம்மா. பிறகு எதுக்குப் பட்டி வெச்சு, புதுசா பெயின்ட் அடிச்சுக்கிட்டு? உள்ளேயிருந்து தள்ளி எடுத்துரலாம்'' என்றார்.

இதற்குப் பெயின்ட்லெஸ் டென்ட் ரிமூவல் என்று பெயர். வளைந்த கம்பிகளைக் கதவின் உள்பக்கமாக நுழைத்து, பள்ளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுவார்கள். கம்பி எட்டாத இடத்தில் வெளியே பசையால் ஒரு பிடியை ஒட்டி இழுப்பார்கள். கம்பெனி பெயின்ட் அப்படியே இருக்கும். நாளைக்குக் காரை விற்கும்போது இதற்கு மதிப்பு உண்டு. பெயின்ட்டின் தடிமனை அளக்கும் கருவியை வைத்தால், பட்டி பார்த்த கதவு உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

க்ளெய்ம் கணக்கு

அப்பா க்ளெய்மே போடாமல் ஐந்து வருடங்களுக்கு மேல் ஆகிறது. ஒரு வருடம் க்ளெய்ம் இல்லையென்றால் 20% நோ க்ளெய்ம் போனஸ். அடுத்தடுத்த வருடங்களில் 25, 35, 45 என்று ஏறி, ஐந்தாவது வருடத்தில் 50% ஆகும். நம் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான பிரீமியத்தில் இந்தத் தள்ளுபடி கிடைக்கும். ஒரே ஒரு க்ளெய்ம் போட்டாலும் அடுத்த ரினியூவலில் அது பூஜ்யம்.

அந்த பிரீமியம் வருடத்துக்கு 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 50 சதவிகிதத்தில் இருப்பவர் க்ளெய்ம் போட்டால் முதல் வருடம் 4,000 ரூபாய் போகும். மறுபடி படியேறி வரும் வரை 2,400, 2,000, 1,200, 400. மொத்தம் 10,000 ரூபாய்! கார் பழசாகும்போது பிரீமியமும் குறையும் என்பதால் இது கொஞ்சம் முன்பின் ஆகலாம். தவிர, 1,500 சி.சி வரையிலான கார்களுக்குப் பொதுவாக ஒவ்வொரு க்ளெய்மிலும் 1,000 ரூபாய் நம் கையிலிருந்து போகும். ஜீரோ டெப் இல்லாவிட்டால் பெயின்ட் செலவிலும் ஒரு பங்கு நம் தலையில்தான். 4,500 ரூபாய் வாங்க 10,000 ரூபாயை விடுவதா?

இதையும் கவனியுங்கள்

* பெயின்ட் உரிந்து தகரம் தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். ஒரு மழை போதும், துருப்பிடிக்க ஆரம்பித்துவிடும். அதற்குப் பட்டியும் பெயின்ட்டும்தான் வழி.
* வெந்நீர் ஊற்றி உள்ளேயிருந்து தள்ளும் வித்தை பிளாஸ்டிக் பம்பருக்கு மட்டும்தான். தகரக் கதவில் அது வேலை செய்யாது.
* டச்சப் பெயின்ட் வாங்கும்போது நிறத்தின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். காரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கலர் கோட் இருக்கும். அதைச் சொல்லிக் கேளுங்கள்.
* பெரிய சேதம் என்றால் யோசிக்காமல் க்ளெய்ம் போடுங்கள். யாருக்காவது அடிபட்டிருந்தால் போலீஸுக்கும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் உடனே தகவல் சொல்ல வேண்டும்.
* நோ க்ளெய்ம் போனஸைக் காப்பாற்றும் ஆட்-ஆன் உங்கள் பாலிசியில் இருந்தால் கணக்கே மாறும். முதலில் பாலிசியை எடுத்துப் படியுங்கள்.

எங்கள் கார் கதவு இரண்டு மணி நேரத்தில் பழையபடி ஆனது. செலவு 2,000 ரூபாய். அதை என் சம்பளத்திலிருந்து கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை அப்பாவே சாவியை நீட்டினார். ''விளக்குத்தூணுக்குத்தானேப்பா, ஷேர் ஆட்டோவுல போயிக்கிறேன்'' என்று சொல்லிவிட்டேன்.