மகளிர் பிரிவு போதாது. தனிச் சங்கமே வேண்டும்

சிம்பாங் பூலாய், ஈப்போ வட்டாரக் காது கேளாத பெண்களின் அமைப்புக் குழு அறிக்கை

"தனிச் சங்கம் எதற்கு? மகளிர் பிரிவாக இருந்துகொள்ளுங்கள்" என்ற, காது கேளாதோருக்கான தாய்ச் சங்கத்தின் யோசனையைக் குழு இருமுறை விவாதித்தது. கருத்து வேறுபாடு இருந்தது, மறைக்கவில்லை. இருப்பினும், தற்போதைய சூழலில் தனியாகப் பதிவு செய்வதே பொருத்தம் எனப் பெரும்பான்மையோர் கருதுகிறோம்.

எங்களில் பலர் தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்கள். வீட்டில் தமிழ். பள்ளியில் மலாய் எழுத்து. விடுதியில் தோழிகளோடு பழகியது சைகை மொழி. அம்மாவுக்குச் சைகை தெரியாது. அம்மாவின் தமிழ் எங்களுக்கு எட்டாது. சாப்பிடு, வா, போ: அத்தோடு பேச்சு முடிந்தது. வயதுக்கு வருவது என்றால் என்னவென்று சொல்லித்தந்தவர் விடுதி அக்கா.

உறுப்பினர் ஒருவர் கர்ப்பப் பரிசோதனைக்குப் போனார். துணைக்கு வந்தவர் கொழுந்தன். டாக்டர் அவரிடமே நெடுநேரம் பேசினார். வெளியே வந்ததும் கொழுந்தன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவ்வளவுதான்! வயிற்றில் பிள்ளையைச் சுமப்பவள் யார்? கொழுந்தனிடம் அவள் எதைக் கேட்பாள்?

தாய்ச் சங்கம் வழி கிடைக்கும் மொழிபெயர்ப்பாளரும் ஆண். அவரை யாருக்கு, எப்போது அனுப்புவதென்று முடிவெடுப்போரும் ஆண்கள். பிரிவாக இருந்தால் மொழிபெயர்ப்பாளருக்கும் அவர்களிடமே மனு எழுத வேண்டும். தனிச் சங்கமானால் பெண் மொழிபெயர்ப்பாளரை நாங்களே தேர்ந்தெடுப்போம். இதில் விட்டுக்கொடுப்பதற்கில்லை.

சட்டத்தை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் மலேசியச் சைகை மொழியை அங்கீகரிக்கிறது. பாகுபாடு காட்டியவருக்குத் தண்டனை என்று மட்டும் அதில் ஒரு வரியும் இல்லை.

தனிச் சங்கம் கேட்பது எங்கள் புதுப் பிடிவாதமும் அல்ல. அமெரிக்காவின் இன்றைய காலடெட் பல்கலைக்கழகத்தில், ஆண் மாணவர்களின் இலக்கியச் சங்கத்தில் இடம் கிடைக்காத காது கேளாத பெண்கள், 1892-இல் அகதா டீகல் தலைமையில் தங்களுக்கென மன்றம் கண்டார்கள். இங்கே 1966-ஆம் ஆண்டின் சங்கச் சட்டம் பதிவுக்குக் கேட்பது ஏழு பேரை. ஏழு பேர் எப்போதோ சேர்ந்துவிட்டோம்.

தாய்ச் சங்கத்தின் உழைப்பை மதிக்கிறோம். இயன்றவரை இணைந்து செயல்படுவோம். நிதி, இடம் பற்றிப் பின்னர் அறிவிக்கப்படும்.

தொடக்கமாகத் தையல் வகுப்பு நடத்தலாம் எனச் சிலர் பரிந்துரைத்தனர், பரிசீலிக்கப்படும். ஆனால் எங்கள் முதல் வகுப்பு, சைகை மொழி வகுப்பு. மாணவிகள் எங்கள் அம்மாக்கள்.